இதயத்துக்கு மூக்கணாங்கயிறு

(நூலக வாசகர் வட்டக் கூட்டமொன்றில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொரோனாவுக்குப் பிறகு எங்களிடம் வரும் நோயாளிகளில் ஒரு புது வகை சேர்ந்திருக்கிறது. இவர்களுக்கு உடம்பில் எந்தத் தொந்தரவும் இருக்காது. கையில் ஒரு ஸ்மார்ட் வாட்ச் இருக்கும். "டாக்டர், தூக்கத்துல 50 காட்டுது, நின்னுடுமோ?" என்று ஒருவர் கேட்பார். "மாடி ஏறினா 130 போவுது, நெஞ்சு வெடிச்சிடாதா?" என்று இன்னொருவர். இருவரும் கடைசியில் வந்து நிற்பது ஒரே கேள்வியில்தான்: எது சரியான எண்?

பாடப்புத்தகம் நிமிடத்துக்கு 60 முதல் 100 துடிப்பு வரை என்கிறது. பரீட்சைக்கு அது போதும். ஓய்வாக, விழித்து, உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவருக்கான எல்லை அது. தூக்கத்தில் 50 என்பதோ, மாடி ஏறும்போது 130 என்பதோ பல ஆரோக்கியமான உடல்களில் தினமும் நடப்பதுதான். இந்த எண்ணை உடம்பு எப்படி முடிவு செய்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்தப் பயத்தில் பாதி போய்விடும். அதே அறிவு, பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படவும் சொல்லித் தரும்.

முதலில் எல்லோரும் நாடியைப் பிடியுங்கள். வலது கையின் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களை இடது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக வையுங்கள். சித்த வைத்தியர் நாடி பார்க்கும் அதே இடம்தான். கட்டைவிரலால் பார்க்காதீர்கள், அதற்கே சொந்தத் துடிப்பு உண்டு, குழப்பும். கிடைத்ததா? இப்போது ஐந்து விநாடி மெதுவாக மூச்சை உள்ளே இழுங்கள். ஐந்து விநாடி வெளியே விடுங்கள். இன்னும் இரண்டு மூன்று முறை.

முன்வரிசையில் சின்னப் பையன் ஒருவன் சிரிக்கிறான், அவனுக்குத் தெரிந்துவிட்டது. மூச்சை இழுக்கும்போது துடிப்பு நெருக்கமாக வருகிறது, விடும்போது இடைவெளி கூடுகிறது. இளவயதுக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வயது ஏற ஏறக் குறையும். எனக்கு உற்றுக் கவனித்தால்தான் புலப்படுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை மறந்துவிடாதீர்கள். பிறகு இதற்கே வருவேன்.

கல்லூரியில் விலங்கியல் படித்த பழைய ஆட்கள் இங்கே இருப்பீர்கள். தவளையை அறுத்து மெழுகுத் தட்டில் ஊசி குத்தி வைத்திருப்போம். மூளையும் தண்டுவடமும் போன பிறகும், இதயத்தைத் தனியே வெட்டி உப்புக்கரைசலில் போட்டாலும், அது பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருக்கும். இதயம் துடிக்க மூளையின் உத்தரவு தேவையில்லை. துடிப்பு அதற்குள்ளேயே பிறக்கிறது.

எந்த இடத்தில் பிறக்கிறது என்பது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை யாருக்கும் தெரியவில்லை. கண்டுபிடித்தவர் மார்ட்டின் ஃபிளாக் என்ற மருத்துவ மாணவர். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஒரு கிராமத்து வீடு. ஆர்தர் கீத் என்ற உடற்கூறியல் அறிஞர் கோடைக்கு அங்கே தங்கி, இந்த மாணவரோடு பல பிராணிகளின் இதயங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒருநாள் கீத்தும் அவர் மனைவியும் சைக்கிளில் வெளியே போயிருந்தார்கள். திரும்பி வந்தபோது, அகழெலியின் இதயத்தில் வலது மேலறையில் விசித்திரமான ஒரு திசுவைக் கண்டதாக மாணவர் மைக்ராஸ்கோப்பைக் காட்டினார். பிற பிராணிகளிலும் தேடினார்கள், அதே மூலையில் அதே திசு இருந்தது. 1907இல் வெளியிட்டார்கள். சைனஸ் கணு என்று இன்று நாம் சொல்வது அதுதான். மனிதனில் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் நீளம், சில மில்லிமீட்டர் அகலம். மேற்பெருஞ்சிரை வந்து சேரும் வாசலில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இந்தக் கணுவின் செல்கள் ஓய்வெடுப்பதே இல்லை. ஒரு துடிப்பு முடிந்ததும் செல்லின் உட்புற மின்னழுத்தம் சுமார் மைனஸ் 60 மில்லிவோல்ட்டுக்கு இறங்கும். உடனே சோடியம் அயனிகள் மெல்ல உள்ளே கசியத் தொடங்கும். மின்னழுத்தம் சரிவுப் பாதையில் ஏறுவதுபோல ஏறி மைனஸ் 40ஐ எட்டும்போது கால்சியம் வாயில்கள் திறந்துகொள்ளும். அடுத்த துடிப்பு பிறக்கும். சரிவு செங்குத்தானால் துடிப்பு சீக்கிரம் வரும், சாய்வானால் தாமதமாகும். இதயத்தின் வேகத்தை மாற்றுவது என்றால் பெரும்பாலும் இந்தச் சரிவை மாற்றுவதுதான். இந்தக் கசிவு மின்னோட்டத்தை 1979இல் ஆக்ஸ்போர்டில் ஹிலாரி பிரவுன், டாரியோ டிஃப்ரான்செஸ்கோ, சூசன் நோபிள் மூவரும் விளக்கினார்கள். இன்று அதை மட்டும் குறிவைத்துக் குறைக்கும் இவாபிரடின் என்ற மாத்திரை மருந்துக்கடையில் கிடைக்கிறது.

சரி, யாருடைய தலையீடும் இல்லாமல் இந்தக் கணுவை அதன் போக்கில் விட்டால் என்ன வேகத்தில் துடிக்கும்? 72 என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். விடை ஏறத்தாழ 100. நரம்புகளின் பிடியை மருந்துகளால் முழுக்க நிறுத்திப் பார்த்த சோதனைகளில் இளைஞர்களுக்கு அப்படித்தான் வந்தது. வயதானால் சற்றுக் குறையும். ஆக, நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உங்கள் நாடி 70 என்றால், ஏதோ ஒன்று இதயத்தை 30 துடிப்பு அளவுக்கு இழுத்துப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

ஓடத் துடிக்கிற காளையை மூக்கணாங்கயிற்றில் பிடித்து நடத்துவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கயிறு வேகஸ் நரம்பு. மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் புறப்பட்டு, கழுத்து வழியாக இறங்கி, இதயத்தையும் நுரையீரலையும் தொட்டு, வயிறுவரை போகிறது. தார்க்குச்சியும் ஒன்று உண்டு. அது தண்டுவடத்திலிருந்து வரும் பரிவு நரம்புகள், கூடவே சிறுநீரகத்தின் மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி. நாம் எழுந்து நடக்கும்போது உடம்பு முதலில் செய்வது கயிற்றைத் தளர்த்துவதுதான். குச்சியை அது உடனே எடுப்பதில்லை. ஏறத்தாழ 100 வரைக்கும் கயிறு தளர்ந்தாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். அதற்கு மேல்தான் குச்சி வேகமாக விழத் தொடங்குகிறது. வேகஸ் சொன்னதை இதயம் அடுத்த ஓரிரு துடிப்பிலேயே கேட்கும். பரிவு நரம்பு சொன்னது முழுதாக ஏறச் சில பத்து விநாடிகள் ஆகும்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால், மாற்று இதயம் பொருத்தப்பட்டவரைப் பார்க்க வேண்டும். மூளைச்சாவு அடைந்த ஒருவரின் இதயம் ஐஸ் பெட்டியில், போக்குவரத்தை நிறுத்தி, ஆம்புலன்சில் பறப்பது சென்னைக்குப் பழகிப்போன காட்சி. ரத்தக் குழாய்களைத் தைக்கலாம். நரம்புகளைத் தைக்க முடியாது. கயிறும் இல்லை, குச்சியும் இல்லை. அவர் அமைதியாகப் படுத்திருக்கும்போதே நாடி 90, 100, சில நேரம் அதற்கும் மேல். மாடி ஏறச் சொன்னால் நாடி உடனே ஏறாது. ரத்தத்தில் அட்ரீனலின் கலந்து வந்து சேரும்வரை இதயம் பழைய வேகத்திலேயே இருக்கும், அவருக்கு மூச்சு வாங்கும். நின்ற பிறகும் நாடி இறங்க வெகுநேரம் பிடிக்கும். அதனால்தான் மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடிக்கும்படி அவர்களுக்கு உடற்பயிற்சி கற்றுத் தருகிறார்கள். பல மாதங்களுக்குப் பிறகு சிலருக்கு நரம்புகள் ஓரளவு தாமே வளர்ந்து சேர்வதும் உண்டு.

வேகஸைத் தூண்டினால் இதயம் நிற்கும் என்று 1845இல் ஜெர்மனியின் வெபர் சகோதரர்கள் காட்டினார்கள். நரம்பு என்றால் தூண்டத்தான் செய்யும், அடக்காது என்று எல்லோரும் நம்பியிருந்த காலம் அது. ஆனால் எப்படி அடக்குகிறது என்பதற்கு இன்னும் முக்கால் நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. ஆஸ்திரியாவில் கிராஸ் நகரத்து ஓட்டோ லோவி, இரவில் கனவில் ஒரு சோதனை தோன்ற, எழுந்து துண்டுத்தாளில் கிறுக்கிவிட்டுத் தூங்கினார். காலையில் தம் கையெழுத்தே அவருக்குப் புரியவில்லை. மறுநாள் இரவு அதே கனவு. இந்த முறை எழுதி வைக்கிற வேலையே வேண்டாமென்று நேரே ஆய்வகத்துக்குப் போய்விட்டார். இதை அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். ஒரு தவளை இதயத்தின் வேகஸைத் தூண்டினார், துடிப்பு குறைந்தது. அந்த இதயத்துக்குள் இருந்த திரவத்தை எடுத்து இன்னொரு இதயத்துக்குக் கொடுத்தார். நரம்பே இல்லாத அந்த இரண்டாவது இதயமும் மெதுவாகிவிட்டது. நரம்பின் நுனியிலிருந்து ஒரு வேதிப்பொருள் கசிகிறது என்பது 1921இல் இப்படி வெளியே வந்தது. அசிட்டைல்கோலின் என்று அதற்குப் பெயர். 1936இல் லோவிக்கு, இங்கிலாந்தின் ஹென்றி டேலோடு சேர்த்து, நோபல் பரிசும் வந்தது. யூதர் என்பதால் 1938இல் நாஜிகள் லோவியைச் சிறைப்பிடித்து, அந்தப் பரிசுப் பணத்தையும் பிடுங்கிக்கொண்டுதான் நாட்டைவிட்டுப் போகவிட்டார்கள்.

தவளைச் சோதனை நமக்கெதற்கு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நம் மாவட்ட மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் லோவியின் சோதனை வாராவாரம் நடக்கிறது. காற்றுக்கு எதிரே நின்று, முகத்தில் துணிகூடக் கட்டாமல், பூச்சிமருந்து அடித்த விவசாயியைத் தூக்கி வருவார்கள். ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்து, வேலை முடிந்த அசிட்டைல்கோலினை உடைக்கும் நொதியை முடக்கிவிடும். கயிற்றை இழுத்தது இழுத்தபடி இருக்கும். உடம்பெல்லாம் வியர்வை, வாயில் நுரை, நெஞ்சில் கரகரவென்று சளி, கண்பாப்பா ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கும். பலருக்கு நாடி 50க்குக் கீழே போயிருக்கும். அட்ரோபின் ஊசி போடுவோம். அசிட்டைல்கோலின் உட்காரும் இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்போம். போதவில்லையென்றால் அளவை இரட்டிப்பாக்குவோம். நெஞ்சுச் சளி வறண்டு, அக்குள் காய்ந்து, நாடி 80ஐத் தாண்டும்வரை நிறுத்தமாட்டோம். அளவு மீறினாலோ ஊமத்தங்காய் தின்றவர்போல் பிதற்றத் தொடங்குவார், போர்வையைப் பிய்ப்பார், நாடி 140 போகும். ஊமத்தையில் இருப்பதும் அட்ரோபின் வகையறாதானே. அந்த வார்டில் இரவுப்பணி பார்க்கும் செவிலியருக்கு வேகஸ் நரம்பைப் பற்றி யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

கயிறு யார் கையில் என்று கேட்பீர்கள். முகுளத்தின் கையில். அதற்குச் செய்தி கொண்டுவருபவை பல. முக்கியமானது ரத்த அழுத்தம். கழுத்தில் தாடைக்குச் சற்றுக் கீழே, கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தின் சுவரில் இழுவிசையை உணரும் நரம்பு நுனிகள் இருக்கின்றன. இதயத்திலிருந்து மகாதமனி வளையும் இடத்திலும் இருக்கின்றன. அழுத்தம் கூடிச் சுவர் விரிந்தால் இவை முகுளத்துக்குச் சரமாரியாகச் செய்தி அனுப்பும், கயிறு இறுகும். அழுத்தம் குறைந்தால் செய்தி குறையும், கயிறு தளரும். படுக்கையிலிருந்து நீங்கள் எழுந்து நிற்கிறீர்கள். அரை லிட்டருக்கு மேல் ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. அடுத்த சில விநாடிகளில் நாடி 10 முதல் 20 துடிப்பு ஏறி, காலிலுள்ள குழாய்களும் சுருங்கி, தலைக்கு ரத்தம் போய்ச் சேர்கிறது. இத்தனையும் நடந்தது உங்களுக்குத் தெரியவே தெரியாது. வயிற்றுப்போக்கில் நீர் வற்றிப்போனவருக்கு மட்டும் தெரியும். எழுந்து நின்றதும் நாடி 30க்கு மேல் எகிறி, கண் இருட்டும். சில முதியவர்களுக்கு இந்தக் கழுத்து உணர்விகள் அதிகக் கூச்சம் கொண்டுவிடும். இறுக்கமான காலர் போட்டுத் தலையைத் திருப்பினாலே நாடி விழுந்து மயங்குவார்கள்.

மயக்கம் என்றதும் கல்யாண மண்டபம் நினைவுக்கு வருகிறது. காலையிலிருந்து சாப்பிடாமல், பட்டுப்புடவையில், புகைக்கு நடுவே மணிக்கணக்கில் நிற்கிறார் மணப்பெண்ணின் அத்தை. முதலில் நாடி ஏறும், பிறகு சட்டென்று கயிறு வெடுக்கென இழுக்கப்படும். நாடி 40க்கு விழும், குழாய்கள் தளரும், ஆள் சரிவார். ஊசியைக் கண்டு, ரத்தத்தைக் கண்டு விழுபவர்களுக்கும் இதுவே. கீழே விழுவதுதான் இயற்கை தரும் சிகிச்சை; தலை இதயத்தின் மட்டத்துக்கு வந்துவிடுகிறது. நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? "காத்த விடுங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே சுற்றி நின்று, அவரைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்து, சோடா உடைப்பார்கள். தயவுசெய்து படுக்கவிடுங்கள். காலுக்கு அடியில் இரண்டு தலையணை வையுங்கள். ஒரு நிமிடத்தில் அவரே கண் திறந்து "யார் என்னை இங்க படுக்க வச்சது" என்று கேட்பார். நெஞ்சுவலி இருந்தாலோ, ஓடும்போது விழுந்தாலோ, வலிப்பு வந்தாலோ கதை வேறு, 108ஐக் கூப்பிடுங்கள்.

மனத்தால் இந்தக் கயிற்றைப் பிடிக்க முடியுமா? இதயத்தையே நிறுத்திக் காட்டும் யோகிகள் இருக்கிறார்கள் என்ற பேச்சு ஐரோப்பாவரை போய், 1935இல் தெரேஸ் ப்ரோஸ் என்ற பிரெஞ்சு மருத்துவர் இசிஜி கருவியைத் தூக்கிக்கொண்டு இந்தியா வந்தார். பிறகு வெங்கர், பக்சி, ஆனந்த் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இன்னும் கவனமாகச் சோதித்து 1961இல் 'சர்குலேஷன்' மருத்துவ இதழில் எழுதினார்கள். சோதனைக்கு உட்பட்டவர்களில் சென்னையில் வாழ்ந்த யோகாசிரியர் கிருஷ்ணமாச்சாரியாரும் ஒருவர். கண்டது இதுதான்: மணிக்கட்டில் நாடி மறைந்தது, ஸ்டெதாஸ்கோப்பில் ஒலியும் தேய்ந்தது, ஆனால் இசிஜியில் துடிப்பு தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. மூச்சை அடக்கி, தொண்டையை மூடி முக்கும்போது மார்புக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பிவர வேண்டிய ரத்தம் தடைப்படும். வெறும் இதயம் துடித்துக்கொண்டிருக்கும்; மணிக்கட்டில் ஒன்றும் தெரியாது. இதை ஏமாற்று வித்தை என்று நான் சொல்லமாட்டேன். அசாத்தியமான தசைக் கட்டுப்பாடு அது. ஆனால் கணுவுக்கு மனத்திலிருந்து நேர்வழி இல்லை. மூச்சு போன்ற சுற்றுவழியில்தான் போக முடியும்.

அந்த வழியை நாங்களும் பயன்படுத்துகிறோம். திடீரென்று நாடி 180, 200 என்று ஒரே சீராக ஓடும் ஒருவகைப் படபடப்பு இருக்கிறது. அப்படி வருபவரிடம் 10 மில்லி சிரிஞ்சைக் கொடுத்து, அதன் வாயில் ஊதி உள்ளேயிருக்கும் தண்டை நகர்த்தச் சொல்வோம். 15 விநாடி. உடனே படுக்கவைத்து இரண்டு காலையும் 45 டிகிரிக்குத் தூக்கிப் பிடிப்போம். வேகஸ் ஒரு இழுப்பு இழுக்கும். 2015இல் இங்கிலாந்தில் நடந்த ஆய்வில், இப்படிச் செய்தவர்களில் 43 சதவீதம் பேருக்குப் படபடப்பு அங்கேயே நின்றது. காலைத் தூக்காமல் பழைய முறையில் ஊதியவர்களில் 17 சதவீதம்தான். சிரிஞ்சுக்கு என்ன விலை, யோசித்துப் பாருங்கள்.

இனி, தொடக்கத்தில் மூச்சோடு ஏறி இறங்கிய அந்தத் துடிப்புக்கு வருகிறேன். கடிகாரம்போல் அச்சுப் பிசகாமல் துடிப்பதுதான் நல்ல இதயம் என்று பலரும் நினைக்கிறார்கள். நேர்மாறு. ஒவ்வொரு மூச்சுக்கும் கயிறு சற்றுத் தளர்ந்து சற்று இறுகுவதால்தான் அந்த வேறுபாடு வருகிறது. கயிறு உயிரோடு இருப்பதற்கு அது சாட்சி. மாரடைப்பிலிருந்து பிழைத்த 808 பேரை ஆராய்ந்து கிளைகர் குழுவினர் 1987இல் வெளியிட்ட முடிவு எங்கள் துறையை உலுக்கியது. துடிப்பு இடைவெளியில் வேறுபாடு மிகவும் குறைந்திருந்தவர்கள் இறக்கும் அபாயம், நன்றாக வேறுபட்டவர்களைவிட ஐந்து மடங்குக்கு மேல். பிரசவ அறையில் வயிற்றில் பட்டை கட்டி, குழந்தையின் துடிப்பைக் காகிதத்தில் ஓடவிட்டு நாங்கள் பார்ப்பதும் எண்ணை மட்டுமல்ல, கோடு துடியாகத் துள்ளுகிறதா தட்டையாகக் கிடக்கிறதா என்பதையும்தான்.

நம் ஊரில் இந்தக் கயிற்றை அதிகம் அரிப்பது சர்க்கரை நோய். பல ஆண்டு கட்டுப்பாடில்லாத சர்க்கரையில் கால் மரத்துப்போவதைப் போலவே இதய நரம்புகளும் பழுதாகின்றன. நீளமான வேகஸ் முதலில் அடிபடும். எடின்பரோவில் டேவிட் ஈவிங் வகுத்த எளிய சோதனை உண்டு: நிமிடத்துக்கு ஆறு மூச்சு விடச் சொல்லி, மிக வேகமான துடிப்புக்கும் மிக மெதுவான துடிப்புக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பது. 15க்கு மேல் இருந்தால் நல்லது, 10க்குக் கீழே என்றால் நரம்பு கெட்டிருக்கிறது. இப்படிப்பட்டவர்கள் படுத்தாலும் நின்றாலும் நாடி 95லேயே நிற்கும். "எனக்கு எப்பவும் ஒரே சீரா இருக்கும் டாக்டர்" என்று பெருமையாகச் சொல்வார்கள். மாரடைப்பு வந்தால்கூடச் சிலருக்கு வலியே தெரியாமல் போவதும் இதே பழுதினால்தான். பாதத்தைப் பரிசோதிக்கிற அக்கறையை இதற்கும் காட்ட வேண்டும். பல இடங்களில் காட்டுவதில்லை என்பது என் வருத்தம்.

உடற்பயிற்சியில் நாடி எட்டக்கூடிய உச்ச எண்ணுக்கு, ஜிம் சுவரில் 220லிருந்து வயதைக் கழி என்று எழுதியிருக்கும் சூத்திரம் தோராயமானது. ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின்னாக இருக்கும், அதை வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியவை சில. காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் நாடி ஏறத்தாழ 10 ஏறும். காய்ச்சல் இறங்கினால் நாடியும் இறங்க வேண்டும். டெங்கு காலத்தில் மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ குழந்தைக்குச் சூடு விட்டதும் தாய் நிம்மதி அடைகிறாள். உடம்பு குளிர்ந்து, நாடி மட்டும் வேகமாகவும் நூல்போல் மெலிதாகவும் ஓடினால் அது குணமாவதன் அறிகுறியே இல்லை. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்துகொண்டிருக்கிறது. அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். நாடியைக் குறைக்கும் மெட்டோபுரோலால், அட்டனலால் மாத்திரைகள் போடுகிறவர்களுக்கு நாடி 55 இருந்தால் மாத்திரை வேலை செய்கிறது என்று பொருள். பார்த்துப் பயந்து நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்துவது ஆபத்து. அவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்தாலும் படபடப்பு வராது, வியர்வை மட்டும் வரலாம். உட்கார்ந்திருக்கும்போதே நாள்கணக்கில் நாடி 100க்கு மேல் ஓடும் பெண்களுக்கு இதயத்தைவிட ரத்தசோகையும் தைராய்டும்தான் முதலில் பார்க்க வேண்டியவை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். டாக்டரிடம் வாட்ச் காட்டிய எண்ணை மட்டும் சொல்லாதீர்கள். அப்போது படுத்திருந்தீர்களா, படி ஏறினீர்களா, காய்ச்சலா, என்ன மாத்திரை சாப்பிட்டிருந்தீர்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுவாருங்கள். படபடப்பு வந்தால், நின்ற பிறகு வராதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலாவது ஒரு இசிஜி எடுத்து அந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். நாடி 40க்குக் கீழே போய்த் தலைசுற்றினாலோ, சும்மா இருக்கும்போது 150க்கு மேல் ஓடி மூச்சு வாங்கினாலோ காலைவரை காத்திருக்க வேண்டாம். இரவே வாருங்கள், பணியில் ஆள் இருப்போம்.